"நீ என்ன செய்வாய்?" – பிள்ளைகள் வட்டமாக இருந்து ஆடும் ஒரு விளையாட்டின் வரலாறு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவான் இறங்குதுறையில் அடுத்த படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம்.

அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். "சேர், பின்னேரத்தில பிள்ளையள் வட்டமா இருந்து 'நான் இப்ப கதவைத் திறக்கிறன்', 'நான் வள்ளத்துக்க ஒளிச்சிருக்கிறன்' எண்டு கதைக்குதுகள். ரெஜிபோமில வள்ளம் வெட்டிப் பெயின்ற் அடிக்குதுகள். களிமண்ணில குதிரை செய்யுதுகள். இது என்ன விளையாட்டு? சூதோ? சிலை செய்யிற வேலையோ? படிப்பைக் கெடுக்காதோ?"

எல்லாமே நியாயமான கேள்விகள். நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். அதனால் பதிலையும் வரலாற்றின் வழியாகவே சொல்கிறேன்.

முதலில் விளையாட்டு என்னவென்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இதை ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் கதையில் ஓர் ஆளாக இருப்பார்கள். ஒருவர் வள்ளக்காரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் காவலாளி. கதை நடத்துபவர் நிலைமையைச் சொல்லிவிட்டு, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்பார். பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். அவ்வளவுதான். எங்கள் நாட்டுக்கூத்தில் வேஷம் கட்டுபவருக்கு வசனம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இங்கே வசனம் இல்லை, முடிவும் முன்கூட்டியே இல்லை. ஆனால் கூத்தைப் போலவே இதையும் நடத்திச் செல்ல ஒரு அண்ணாவியார் வேண்டும். எங்கள் பிள்ளைகளும் கதை நடத்துபவரை அண்ணாவியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்தப் பதிவிலும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இது இணையத்தில் இருந்து நேற்று இறங்கிய விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதன் வேர் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்தி ஆடிய சதுரங்கம், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் இந்தியாவில் இருந்து பாரசீகம் போனது. பாரசீகத்தை முஸ்லிம்கள் வென்ற பிறகு அரபு மொழியில் அதற்கு 'ஷத்ரஞ்' என்று பெயர் வந்தது. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் அல் அத்லீ, அஸ் சூலீ போன்றவர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதினார்கள். முஸ்லிம்களின் கையில் இருந்துதான் அது ஐரோப்பாவுக்குப் போனது. பலகையில் ஒரு யுத்தத்தை வைத்து, 'இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கும் எண்ணம் இவ்வாறு கைமாறி உலகைச் சுற்றியது.

1780இல் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற ஆசிரியர், கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் படிப்பித்தவர், சதுரங்கத்தை விரித்துப் புது விளையாட்டு ஒன்றைச் செய்தார். சதுரங்கத்தில் 64 கட்டங்கள். இவருடைய பலகையில் 1,617. கட்டங்களின் நிறத்தைப் பார்த்து மலை, சதுப்பு, ஆறு என்று அறிந்துகொள்ளலாம். படை நடத்துவதை மாணவர்களுக்கு விளங்கவைப்பதே அவருடைய நோக்கம். அதாவது இந்த விளையாட்டின் ஐரோப்பிய வரலாறு ஒரு வாத்தியாரிடம் இருந்து தொடங்குகிறது. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

பிறகு பிரஸ்ஸியாவில் ரைஸ்விட்ஸ் என்ற தகப்பனும் மகனும் வந்தார்கள். 1812இல் தகப்பன் மன்னருக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். மலை, ஆறு, ஊர் எல்லாம் சதுரத் துண்டுகளாக இருக்கும், எப்படியும் மாற்றி அடுக்கலாம். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த மகன் 1824இல் அதை முழுமையான விதிநூலாக வெளியிட்டார். கட்டங்களை எடுத்துவிட்டு, 1:8,000 அளவில் வரைந்த உண்மையான வரைபடத்தை வைத்தார். சிவப்பும் நீலமுமாகச் சிறு கட்டைகள் படைகளாக நின்றன. ஒரு சுற்று என்பது யுத்தகளத்தில் இரண்டு நிமிடம். சண்டையில் யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பகடை சொன்னது.

இதில் மூன்று புதுமைகள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, நடுவர் ஒருவர் இருந்தார். இரண்டு, ஆடுபவர்கள் கட்டையைத் தாங்களே நகர்த்தவில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுத்தார்கள். மூன்று, மலைக்குப் பின்னால் எதிரி நின்றால் அதை நடுவர் காட்டமாட்டார். உண்மையான தளபதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஆடுபவருக்கும் தெரியும். இந்த நடுவர்தான் எங்கள் அண்ணாவியாரின் மூத்தப்பா.

அடுத்த கட்டம், இன்றைக்கு எங்கள் கேள்விக்கு மிகவும் தேவையானது. விதிகள் கூடிக்கூடி, அட்டவணை பார்ப்பதிலேயே நேரம் போகத் தொடங்கியது. 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்ற பிரஸ்ஸிய அதிகாரி ஒரு நூல் எழுதினார். அட்டவணையையும் பகடையையும் ஒதுக்கிவிடுங்கள், அனுபவமுள்ள நடுவர் ஒருவர் இருவர் சொல்வதையும் கேட்டு நியாயமாக முடிவு சொல்லட்டும், அது போதும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ஆக, இந்த விளையாட்டில் பகடை இல்லாத கிளை 150 வருடத்துக்கு முந்தியே பிறந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிச் சின்ன உருவங்களின் கதை. ஈயத்தில் படைவீரர் பொம்மைகள் ஐரோப்பாவில் முன்பே இருந்தன. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. ஈயம் குறைந்தது, விலையும் இறங்கியது, சாதாரண வீட்டுப் பிள்ளையின் கைக்கும் பொம்மை வந்தது. விஞ்ஞானக் கதைகள் எழுதிய எச். ஜி. வெல்ஸ் 1913இல் அந்தப் பொம்மைகளை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விளையாட்டு ஒன்றை விளக்கி 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை எழுதினார். வெல்ஸ் யுத்தத்தை வெறுத்தவர். பொம்மை யுத்தமே இவ்வளவு குழப்பம் என்றால் உண்மையான யுத்தம் எவ்வளவு மடத்தனம் என்று விளங்கும் என்பதுதான் அவர் அந்நூலின் முடிவில் வைக்கும் கருத்து. அடுத்த வருடமே, 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கியது.

இதுவரை ஆடியவர்கள் எல்லோரும் படைத் தளபதிகளாகவே ஆடினார்கள். ஒரு தனி மனிதனாக ஆடும் மாற்றம் 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது. டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நடுவருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் 1880ஆம் ஆண்டு நூல் ஒன்றைப் படித்திருந்தார். டொட்டன் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி எழுதிய 'ஸ்ட்ராட்டகோஸ்' என்பது அதன் பெயர். நெப்போலியன் காலத்து ஜேர்மன் ஊர் ஒன்றைக் கற்பனையில் அமைத்து, அதற்கு பிரவுன்ஸ்டைன் என்று பெயர் வைத்தார் வெஸ்லி. இரண்டு பேருக்குப் படைகளைக் கொடுத்தார். மிச்சப் பேர் சும்மா இருக்கக்கூடாதே என்று அவர்களை ஊரின் நகரபிதா, வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆக்கினார்.

நடந்தது வேறு. படைகள் மோதிக்கொள்ளவே இல்லை. நகரபிதாவும் வங்கிக்காரரும் தனித்தனியாக மூலைக்குப் போய் இரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். விளையாட்டுக் குழம்பிவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். ஆனால் வந்தவர்கள் அடுத்த முறை எப்போது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சண்டையைவிட ஊர்தான் பிடித்துப்போனது.

அந்த மேசையில் இருந்த டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் அதே முறையை எடுத்துக்கொண்டு, 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் கோட்டையும் சுரங்கமுமாகக் கதைகள் நடத்தினார். விஸ்கொன்சின் மாநிலத்தில் இருந்த கேரி கைகாக்ஸ் என்பவர் அவரோடு சேர்ந்தார். கைகாக்ஸ் காப்புறுதி நிறுவன வேலையை இழந்து, வீட்டில் சப்பாத்துத் திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்த குடும்பஸ்தர். இருவரும் சேர்ந்து எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். இன்று உலகம் முழுவதும் ஆடும் இவ்வகை விளையாட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்து கிளைத்தவை. கைத்தொலைபேசியில் பிள்ளைகள் ஆடும் பல விளையாட்டுகளில் 'லெவல்' ஏறுவதும் அங்கே இருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில் மூன்று சின்னத் தகவல்கள். காசில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைரியம் தருபவை.

முதலாவது. கைகாக்ஸின் மேசையில் இருந்த பூதங்களில் சில, மலிவுக் கடையில் பையோடு விற்ற பிளாஸ்ரிக் பொம்மைகள். ஹொங்கொங்கில் வார்த்தவை. என்ன மிருகம் என்றே தெரியாத வடிவங்கள். அவற்றுக்கு இவர் பெயரும் குணமும் கொடுத்தார். அந்தப் பூதங்கள் இன்றும் அந்த விளையாட்டின் புத்தகங்களில் இருக்கின்றன.

இரண்டாவது. இந்த விளையாட்டின் அடையாளமாகிவிட்ட 20 முகப் பகடை, முதலில் விளையாட்டுக் கடையில் இருந்து வரவில்லை. பாடசாலைக் கணித உபகரணங்கள் விற்கும் நிறுவனத்திடம் இருந்துதான் அதை வாங்கினார்கள்.

மூன்றாவது. 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான்.

இனிப் பெற்றோரின் கேள்விகளுக்கு வருவோம்.

சூதோ? பணயம் வைத்தால் எந்த விளையாட்டும் சூதுதான், கரம் என்றாலும் கிரிக்கெட் என்றாலும். இந்த விளையாட்டில் பணயம் இல்லை. வெல்பவர், தோற்பவர் என்றும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கரைசேர்க்கிறார்கள். ஆனால் முஸ்லிம் வீடுகளில் பணயத்துக்கு அப்பாலும் பகடையைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. 'நர்த்' என்ற பகடையாட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் முஸ்லிம், அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் இருக்கின்றன. எங்கள் ஷாபி மத்ஹபின் நூல்களில், யோசனையில் தங்கியிருக்கும் ஆட்டம் வேறு, அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கும் ஆட்டம் வேறு என்ற பிரிப்புப் பேசப்படுகிறது. சதுரங்கத்தைப் பற்றியும் பகடையாட்டத்தைப் பற்றியும் வேறு வேறு தீர்ப்புகள் வருவது அதனால்தான். பத்வா சொல்வதற்கு நான் ஆளில்லை. மௌலவிமாரைக் கேளுங்கள். ஆசிரியராக நான் செய்தது, பகடையை வெளியே வைத்ததுதான்.

பகடை இல்லாமல் எப்படி ஆடுவது? மேலே சொன்ன 1876ஆம் ஆண்டுக் கிளை இருக்கிறதே. 1991இல் வந்த 'அம்பர்' என்ற விளையாட்டு, பகடையே இல்லாமல் முழுக்க அண்ணாவியாரின் தீர்ப்பில் ஓடுவது. 1980களின் பிற்பகுதியில் வந்த 'மேட்ரிக்ஸ் கேம்' என்ற முறையில், ஆடுபவர் தான் செய்யப்போவதைச் சொல்லி, அது ஏன் பலிக்கும் என்பதற்கு மூன்று காரணம் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தக் காரணம் சொல்லும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூன்றில் இரண்டு காரணம் மற்றப் பிள்ளைகளுக்குச் சரியாகப் பட்டால் காரியம் நடக்கும். ஒன்றுதான் சரியென்றால் நடக்கும், ஆனால் ஒரு சிக்கலோடு. ஒன்றும் நிற்காவிட்டால் நடக்காது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட மூன்றாவது காரணத்தைத் தேடி வாதாடுவதைப் பார்க்கிறேன்.

மற்றச் சமயத்துப் பிள்ளைகளின் வீட்டில் தாயக்கட்டை தடையில்லை. அவர்கள் தங்கள் வீட்டில் தாயக்கட்டையோடு ஆடட்டும். தமிழ் மண்ணில் பகடை பழைய பொருள். கீழடியில் தந்தத்தால் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

சிலையோ? இதுவும் முஸ்லிம் வீடுகளில் இருந்து வரும் கேள்வி. உயிருள்ளவற்றின் முழு உருவத்தைச் செய்வதைப் பற்றி மார்க்கத்தில் தடை பேசப்படுவது எல்லோருக்கும் தெரியும். சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு உலமாக்கள் பலர் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சம்பவங்களில் ஒன்று அபூதாவூதில் வருகிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டால் செய்த இரண்டு சிறகுகளோடு ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று அவர்கள் பதில் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் கற்பனைக்கு இதைவிட அழகான அங்கீகாரம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் உருவம் வேண்டாம் என்ற வீட்டுக்கும் வரலாற்றில் வழி இருக்கிறது. முஸ்லிம் நாடுகளில் சதுரங்கக் காய்களைப் பெரும்பாலும் உருவமில்லாமல் கடைந்தார்கள். ஈரானின் நிஷாப்பூரில் செய்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் இப்போது நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. யானை என்றால் மேலே இரண்டு சிறு கூர், அது தந்தம். அரசன் என்றால் சிம்மாசனத்தின் வடிவம் மட்டும். முகமில்லை, கையில்லை. ஆட்டம் குறையவும் இல்லை. எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆட்களுக்குப் பதிலாக முருகைக்கல் துண்டுகள். சிவப்புக் கோடு என்றால் காவலாளி, நீலம் என்றால் வள்ளக்காரர். வள்ளம், கோட்டை, பனை, கிணறு இவற்றை ஆசைதீரச் செய்யலாம். விரும்பிய வீட்டுப் பிள்ளைகள் நெடுந்தீவுக் குதிரை செய்கிறார்கள்.

பேய், பிசாசு, சூனியம் என்று வருமாமே என்றும் சிலர் கேட்டார்கள். 1980களில் அமெரிக்காவிலும் இந்தப் பயம் பெரிதாக எழுந்தது. சில தேவாலயங்களும் பெற்றோர் அமைப்புகளும் எதிர்த்தன. 1989இல் வந்த புதிய பதிப்பில் இருந்து பிசாசுகளின் பெயர்களை நிறுவனமே எடுத்துவிட்டது. அந்தப் பயத்துக்குப் பிற்கால ஆய்வுகள் ஆதாரம் காணவில்லை. எப்படியென்றாலும் கதை எங்கள் கையில் இருக்கிறது. வேண்டாததைக் கதையில் வைக்காமல் விட்டால் முடிந்தது. கிஸ்ஸாவும் படைப்போரும் பாடிய சமூகம் நாங்கள். கதைக்குப் பஞ்சமில்லை.

படிப்பைக் கெடுக்குமோ? நேரம் போவது தெரியாது, அது உண்மையான ஆபத்து. அதனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை, அஸருக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்கு முன் முடிக்க வேண்டும், சோதனைக் காலத்தில் இல்லை என்று வைத்திருக்கிறோம். ஆனால் என்ன படிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஆடிய கதைகளில் ஒன்று ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கிறதே, அதுதான். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்களைப் பணியவைத்ததில் பெரிய பங்கு குடிதண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு. அதே வருடம் ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. பாடப்புத்தகத்தில் இது ஓரிரு வரி. பிள்ளைகள் மனனம் செய்து, சோதனை முடிய மறந்துவிடுவார்கள்.

விளையாட்டில் ஒருவர் கோட்டைத் தலைவர், ஒருவர் சமையற்காரர், ஒருவர் காயப்பட்ட சிப்பாய், ஒருவர் கரையில் இருக்கும் மீனவர். இவர்கள் நாங்களே கற்பனை செய்த ஆட்கள். வரலாறு இவர்களின் பெயரை எழுதிவைக்கவில்லை. நான் அண்ணாவியார். "தண்ணி இன்னும் மூன்று நாளைக்குத்தான். நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். உடனே ஒரு பிள்ளை, "சேர், கோட்டைக்குள்ள கிணறு கிண்டேலாதோ?" என்றது. இன்னொரு பிள்ளை, "கடலுக்க கிண்டினா உவர்தானே வரும், எங்கட கிணறே உவர்" என்றது. அங்கே பாடம் தொடங்கிவிட்டது. தீவகத்தில் நல்ல தண்ணீர் ஏன் அரிது, மழைநீர் மண்ணுக்குள் எப்படித் தங்குகிறது, கோட்டை கட்டியவன் தண்ணீருக்கு என்ன வழி யோசித்திருப்பான் என்று பேச்சுப் போனது. 1658 என்ற எண்ணை நான் ஒருதரும் எழுதிப்போடவில்லை. இப்போது அந்த வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு:

நான்கு முதல் ஆறு பேர் போதும். அண்ணாவியார் பெரியவராக இருக்க வேண்டும் என்றில்லை, நியாயமானவராக இருந்தால் சரி. ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் ஒரு பக்கத்தில் ஐந்து விடயம் எழுதட்டும்: பெயர், தொழில், நன்றாகச் செய்யும் ஒன்று, பயப்படும் ஒன்று, கையில் இருக்கும் ஒரு பொருள். முதல் கதை சின்னதாகவும் தெரிந்த இடத்திலும் இருக்கட்டும். நெடுந்தீவுக்குப் போகும் படகு நடுக்கடலில் நின்றுவிட்டது என்பது போதும். அண்ணாவியார் எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். நிலைமையைச் சொல்லுங்கள், கேளுங்கள், காத்திருங்கள். ஒரே பிள்ளை பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நிறம் தீட்டுவதற்குச் சில குறிப்புகள். இந்த மேசைகளுக்குச் செய்யும் உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர் உயரம். முதலில் தூசியைத் தட்டிக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு முழுவதற்கும் ஒரே நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சு. வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய தண்ணீர்ப் பெயின்ற் அதற்குப் போதும். மேலே அக்ரிலிக். தடிப்பாக ஒருதரம் பூசாமல் தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டுதரம் பூசினால் நுணுக்கங்கள் மூடுபடாது. காய்ந்த பின் கடும் நிறத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து மேலே ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். கடைசியில் தூரிகையை வெளிர் நிறத்தில் தொட்டு, கடதாசியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடான இடங்களில் தடவினால் வெளிச்சம் பட்டது போல இருக்கும். ரெஜிபோமுக்கு ஸ்பிரே பெயின்ற், தின்னர் கலந்த பெயின்ற் வேண்டவே வேண்டாம், கரைந்துவிடும். முதலில் வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் நிறம் அடியுங்கள். வெளிநாட்டு உறவுகள் பழைய உலோக உருவங்களை அனுப்பினால் கவனம். ஈயம் கலந்திருக்கலாம். சின்னப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்காதீர்கள். தொட்டால் கை கழுவ வேண்டும்.

கடைசியாக ஒன்று.

கோட்டைக் கதையை ஆடி முடித்த பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "சேர், 1990ஐயும் இப்படி விளையாடலாமோ?"

அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சில மணி நேர அவகாசம்தான். அதே வருடம் யுத்தம் தீவகத்துக்குள் வந்து, இங்கிருந்த தமிழ்ச் சனங்களும் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். புங்குடுதீவில் கூரை விழுந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கடல் வாப்பா சொன்ன கதை மட்டும்தான்.

நான் இல்லை என்றேன். அதை வாழ்ந்தவர்கள் இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேட்க வேண்டியதை மேசையில் வைத்து ஆட்டமாக்கக்கூடாது. 1658க்கு அழ இன்று யாரும் இல்லை, அதனால் அதை ஆடலாம். 1990க்கு இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் தலைமுறை தன் பக்கத்து இழப்பை மட்டும் மனப்பாடம் செய்து வளர்ந்தது. ஒரே வட்டத்தில் இருக்கும் முஸ்லிம் பிள்ளையும், இந்துப் பிள்ளையும், வேதக்காரப் பிள்ளையும் வாரத்தில் ஒருநாள் இன்னொருவராக இருந்து யோசித்து, அதற்கு மூன்று காரணமும் சொல்லப் பழகுகிறார்கள். இந்தப் பழக்கம் இருக்கும் பிள்ளை, நாளைக்குத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் போகும்போது ஒழுங்காகக் கேட்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டில் இருக்கும் மூத்தவர்களுக்கு இங்கே ஆடிய பழைய பலகை விளையாட்டுகள், கூத்து, கடல் கதைகள் ஞாபகம் இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கீழே எழுதினாலும் நல்லது. அடுத்த கதைக்கு எங்களுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.